படப்பெட்டியும் பத்திரிகையும்

நுழையும்முன்

திரைப்படம் ஒன்றைக் கண்டு திரும்புவோர் அதில் நடித்தவர்களைப் பற்றிப் பேசுவர். சிலர் இயக்குநரையும் இசையமைப்பாளரையும் நினைவுகூர்வர். அப்படத்திற்கு முதல் தேடியவர், எடுத்து முடித்த படத்தை ஊர்தோறும் கொண்டு சேர்த்தவர் ஆகியோரின் பெயர்கள் திரையில் சில நொடிகள் தோன்றி மறைந்துவிடுகின்றன. அவ்வாறு மறைந்துவிடாத பெயர் ஒன்று தமிழ்த் திரை வரலாற்றில் உண்டு. சிறுவர் இருவர் எக்காளம் ஊதும் சின்னம் திரையில் தோன்றினாலே, வரவிருப்பது ஜெமினியின் படம் என்பதைச் சிற்றூர் மக்களும் அறிந்திருந்தனர். அச்சின்னத்துக்கு உரியவரான எஸ்.எஸ்.வாசனின் தொழில் வாழ்வை இப்பாடம் விவரிக்கிறது.

விளம்பரத்தில் தொடங்கிய வாழ்வு

அன்றைய தஞ்சை மாவட்டத்துத் திருத்துறைப்பூண்டியில் 1904ஆம் ஆண்டு பிறந்தவர் சீனிவாசன். தந்தை சுப்பிரமணியத்தின் பெயரையும் தம் பெயரையும் சேர்த்துச் சுருக்கி எஸ்.எஸ்.வாசன் எனப் பின்னாளில் அழைக்கப்பெற்றார். சிறு வயதிலேயே தந்தையை இழந்த அவரைத் தாயார் சென்னைக்கு அழைத்து வந்து படிக்க வைத்தார். வறுமை படிப்பை நெடுநாள் தொடரவிடவில்லை. கல்லூரிப் படிப்பை இடையில் நிறுத்திவிட்டு, பத்திரிகைகளுக்கு விளம்பரம் சேகரித்துத் தரும் தொழிலை மேற்கொண்டார். அஞ்சல் வழியாகப் பொருள்களை விற்கும் வணிகத்தையும் நடத்தினார்.

இந்த இரு தொழில்களையும் அவருடைய வரலாற்றில் வெறும் முன்னுரையாகக் கடந்துவிட இயலாது. கண்ணால் காணாத ஒருவரை, அச்சிட்ட சில வரிகளால் மட்டுமே ஒரு பொருளை விரும்பச் செய்து, அவர் கைப்பணத்தை அனுப்பும்படி செய்வதே அஞ்சல் வணிகத்தின் உயிர்நாடி. எந்தச் சொல்லுக்கு மக்கள் திரும்பிப் பார்ப்பர், எந்தப் படத்தின்மீது கண் நிலைக்கும், எந்த விலைக்கு மனம் இசையும் என்பனவற்றை நாள்தோறும் வரும் அஞ்சலைக் கொண்டே அளந்துவிடலாம். வாசன் கற்ற கல்வி இதுதான். பிற்காலத்தில் பல இலட்ச ரூபாயைத் திரைப்படங்களில் முடக்கியபோதும் இந்தக் கல்வியையே அவர் துணைக்கொண்டார்.

பூதூர் வைத்தியநாதையர் நடத்திவந்த ‘ஆனந்த விகடன்’ என்னும் நகைச்சுவை இதழுக்கும் அவர் விளம்பரங்கள் கொடுத்து வந்தார். இதழ் தொடர்ந்து வெளிவர இயலாத நிலை ஏற்பட்டபோது, 1928ஆம் ஆண்டு அதனைத் தாமே விலைக்கு வாங்கினார். பெயரிலுள்ள எட்டு எழுத்துகளுக்கும் எழுத்துக்கு 25 ரூபாய் வீதம் 200 ரூபாய் கொடுத்தார் என்று கூறுவர். இதழின் நகைச்சுவைக்கு ஏற்ற கணக்கே அது!

வாசன் கையில் விகடன் வேகமாக வளர்ந்தது. கல்கி ரா.கிருஷ்ணமூர்த்தியின் எழுத்து அதற்குப் புதிய வாசகர்களை ஈட்டித் தந்தது. கேலிச்சித்திரங்களும் தொடர்கதைகளும் வாரந்தோறும் இதழுக்காகக் காத்திருக்கும் குடும்பங்களை உருவாக்கின. பரிசுத்தொகையுடன் கூடிய குறுக்கெழுத்துப் போட்டிகள் விற்பனையை மேலும் உயர்த்தின. பரிசு ஆசையைக் காட்டி இதழை விற்பது முறையா என்று அக்காலத்திலேயே சிலர் முகம் சுளித்தனர். அக்கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் பரிசுக்காக இதழை வாங்கியவர்கள் கதையையும் கட்டுரையையும் படிக்கத் தொடங்கினர் என்பதும் உண்மை.

எழுத்திலிருந்து திரைக்கு

வாசன் எழுத்தாளரும் ஆவார். விகடனில் அவர் எழுதிய ‘சதி லீலாவதி’ என்னும் தொடர்கதை 1936ஆம் ஆண்டு திரைப்படமாக வெளிவந்தது. குடியின் கேட்டைக் கூறும் அக்கதையை இயக்கியவர் எல்லிஸ் ஆர்.டங்கன் என்னும் அமெரிக்கர். தமிழ் அறியாத அவர் தமிழ்ப் படங்கள் பலவற்றைத் திறம்பட இயக்கினார். எம்.கே.ராதா கதைத்தலைவனாக நடித்த அப்படத்தில்தான் எம்.ஜி.ராமச்சந்திரன் சிறு வேடமொன்றில் முதன்முதலாகத் திரையில் தோன்றினார்.

தம் கதை திரையில் ஓடுவதையும், கொட்டகை வாயிலில் மக்கள் திரள்வதையும் கண்ட வாசனின் கருத்து, கதை எழுதுவதைவிடப் படத்தை மக்களிடம் கொண்டு சேர்க்கும் தொழிலின்மீது சென்றது. அவர் நேராகத் தயாரிப்பில் இறங்கவில்லை. முதலில் விநியோகஸ்தரானார்; ‘ஜெமினி பிக்சர்ஸ் சர்க்யூட்’ என்னும் நிறுவனத்தைத் தொடங்கிப் பிறர் எடுத்த படங்களை வாங்கி வெளியிட்டார்.

விநியோகம் என்பது யாது? படம் எடுப்பவருக்குப் பணம் தேவை. கொட்டகை நடத்துபவருக்குப் படம் தேவை. இவ்விருவருக்கும் இடையில் நிற்பவரே விநியோகஸ்தர். படம் வளர்ந்துகொண்டிருக்கும்போதே தயாரிப்பாளருக்கு முன்பணம் கொடுத்து, குறிப்பிட்ட பகுதிகளில் அதனைத் திரையிடும் உரிமையை அவர் பெறுகிறார். அக்காலத்தில் படம் முடிந்ததும் பிரதிகள் எடுக்கப்பட்டன. ஒவ்வொரு பிரதியும் பல ரீல்களாகத் தகரப் பெட்டியில் அடைக்கப்பட்டு, இரயிலிலும் பேருந்திலும் ஏறி ஊர் ஊராகச் சென்றது. பெட்டியுடன் சென்ற பிரதிநிதி கொட்டகையில் விற்ற நுழைவுச்சீட்டுகளைக் கணக்கிட்டு, வரி போக எஞ்சிய தொகையில் தம் முதலாளிக்குரிய பங்கைப் பெற்றுவந்தார். பெருநகரத்தில் ஓடித் தேய்ந்த பிரதி பின்னர்ச் சிறு நகரங்களுக்கும், இறுதியாகக் கீற்றுக்கொட்டகைகளுக்கும் போய்ச் சேர்ந்தது. அதற்குள் திரையில் மழை பெய்வதுபோல் கோடுகள் விழத் தொடங்கிவிட்டன. அந்த மழைக்கிடையிலும் கதையில் ஒன்றிய மக்கள், மணல் குவித்து அமர்ந்து படம் பார்த்தனர்.

படம் ஓடாவிட்டால் கொடுத்த முன்பணம் திரும்பாது. எனவே, எந்த ஊரில் எத்தகைய படம் ஓடும் என்பதைப் படமெடுப்பவரைவிட விநியோகஸ்தரே நன்கு அறிந்திருக்க வேண்டும். கோயம்புத்தூர் ஆலைத்தொழிலாளர் விரும்புவது எது, தஞ்சை உழவர் விரும்புவது எது என்பதை வரவு செலவுப் புத்தகத்தைக் கொண்டு வாசன் கற்றது இக்காலத்தில்தான்.

தெரிந்து தெளிவோம்
தமிழ்த் திரைத்துறையினர் மாநிலத்தைப் பல விநியோகப் பகுதிகளாகப் பிரித்துக் கொண்டனர். சென்னை நகரம் ஒரு பகுதி. வடஆர்க்காடு, தென்னார்க்காடு, செங்கற்பட்டு ஆகிய பழைய மாவட்டங்கள் சேர்ந்து ‘என்.எஸ்.சி.’ என வழங்கும் பகுதி. கோவை, சேலம், திருச்சி – தஞ்சை, மதுரை – இராமநாதபுரம், திருநெல்வேலி – கன்னியாகுமரி ஆகியவை ஏனையவை. மாவட்டங்கள் பலவாகப் பிரிந்த பின்னரும் இப்பெயர்கள் தொழிலில் நிலைத்துவிட்டன. இன்று தொழிற்சாலைகள் சூழ்ந்துள்ள செம்பரம்பாக்கமும் ஸ்ரீபெரும்புதூரும் பழைய செங்கற்பட்டு மாவட்டத்து ஊர்களாதலின், திரைப்படக் கணக்கில் அவை ‘என்.எஸ்.சி.’யைச் சேர்ந்தவை.

தீயில் கிடைத்த கூடம்

அக்காலத்தில் தமிழ்த் திரையின் முன்னோடியாக விளங்கியவர் இயக்குநர் கே.சுப்பிரமணியம். சென்னை மவுண்ட் ரோட்டில் அவர் ‘மோஷன் பிக்சர் புரொட்யூசர்ஸ் கம்பைன்’ என்னும் படப்பிடிப்புக்கூடத்தை நடத்திவந்தார். அவருடைய படங்களை வெளியிடுவதில் வாசனுக்குத் தொடர்பு ஏற்பட்டது. சுப்பிரமணியம் இயக்கி 1939ஆம் ஆண்டு வெளிவந்த ‘தியாகபூமி’ இங்குக் குறிப்பிடத்தக்கது. கல்கியின் அக்கதை, படம் உருவாகிக்கொண்டிருந்தபோதே விகடனில் தொடராகவும் வந்தது. தொடருக்குரிய படங்களாகத் திரைப்படக் காட்சிகளின் புகைப்படங்களே இடம்பெற்றன. இதழைப் படித்தவர் படத்துக்காகக் காத்திருந்தனர். படம் பார்த்தவர் இதழைத் தேடினர். விடுதலை வேட்கையை வெளிப்படுத்திய அப்படத்தைப் பின்னர் ஆங்கில அரசு தடைசெய்தது.

சுப்பிரமணியத்தின் கூடம் தீ விபத்துக்கு உள்ளாகிக் கடன் சுமையால் ஏலத்துக்கு வந்தது. அதனை வாசன் எடுத்தார். ஏலத்தொகை 86,000 ரூபாய்க்குச் சற்று மேல் என்பர். எரிந்த கட்டடங்களைச் சீராக்கி, புதிய கருவிகளைப் பொருத்தி, அதற்கு ‘ஜெமினி ஸ்டூடியோஸ்’ எனப் பெயரிட்டார். ஒருவர் இழந்ததை மற்றவர் வாங்கினார் என்பதைச் சொல்லும்போது மனம் சற்றுத் தயங்கவே செய்கிறது. ஆயினும் தமிழ்ப்படம் என்றால் பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ செல்ல வேண்டியிருந்த நிலையை மாற்றியவர்களுள் சுப்பிரமணியத்திற்கு உள்ள இடத்தை அந்த ஏலம் குறைத்துவிடவில்லை. அவர் இட்ட அடித்தளத்தின்மீதே ஜெமினி எழுந்தது.

பெயர்க்காரணம் பற்றி இருவேறு செய்திகள் வழங்குகின்றன. குதிரைப் பந்தயத்தில் ஈடுபாடு கொண்டிருந்த வாசனின் குதிரையொன்றின் பெயர் ‘ஜெமினி ஸ்டார்’ என்பது ஒன்று; மிதுன ராசியைக் குறித்து இட்ட பெயர் என்பது மற்றொன்று. எவ்வாறாயினும், பந்தயத்தில் பணத்தை வைத்துவிட்டு முடிவு தெரியும்வரை நிலைகுலையாதிருக்கும் இயல்பு அவரிடம் இருந்தது.

தொடக்க ஆண்டுகள் எளியவையாக இல்லை. இரண்டாம் உலகப்போரின் நெருக்கடி; 1942ஆம் ஆண்டு ஜப்பானியர் குண்டு வீசக்கூடும் என்னும் அச்சத்தால் சென்னை மக்கள் பலர் ஊரைவிட்டு வெளியேறினர். கச்சா பிலிம் தட்டுப்பாட்டால் படத்தின் நீளத்தை 11,000 அடிக்குள் அடக்க வேண்டுமென அரசு கட்டுப்பாடு விதித்தது. இவற்றுக்கிடையே தண்டபாணி தேசிகர் நடித்த ‘நந்தனார்’, தெலுங்கில் ‘பாலநாகம்மா’, வசுந்தராதேவியும் ரஞ்சனும் நடித்த ‘மங்கம்மா சபதம்’ ஆகிய படங்கள் வெளிவந்தன. ‘மங்கம்மா சபதம்’ பெற்ற பெருவெற்றி, துணிந்து முதலிடும் வலிமையை வாசனுக்குத் தந்தது.

ஜெமினியில் நடிகர், இசைவாணர், ஓவியர், தச்சர், ஒப்பனையாளர், கதை எழுதுவோர் என அனைவரும் மாதச் சம்பளத்தில் பணிபுரிந்தனர். அமெரிக்காவின் ஹாலிவுட் நிறுவனங்கள் இம்முறையில்தான் இயங்கின. கதை இலாகா என்று ஒரு தனிப்பிரிவே இருந்தது. கொத்தமங்கலம் சுப்பு, கே.ஜே.மகாதேவன், வேப்பத்தூர் கிட்டு முதலியோர் அதில் அமர்ந்து கதைகளை உருவாக்கினர். நடிகர் தேர்வுப் பணியில் இருந்த கணேசன் என்னும் இளைஞர், ‘மிஸ் மாலினி’யில் தோன்றிப் பிற்காலத்தில் ஜெமினி கணேசன் எனப் புகழ்பெற்றார். நடனக்கலைஞர் உதயசங்கர் தம் ‘கல்பனா’ படத்தை இக்கூடத்தில்தான் உருவாக்கினார். 1950களிலும் 60களிலும் இங்குப் பணியாற்றிய எழுத்தாளர் அசோகமித்திரன், அந்நாள்களின் நிகழ்வுகளைப் பின்னர் அங்கதச்சுவையோடு நூலாக எழுதினார்.

முரசுகளின்மேல் ஒரு பந்தயம்

‘சந்திரலேகா’வின் வரலாறு ஒரு பெயரிலிருந்து தொடங்குகிறது. கதை இலாகாவினர் கூறிய ஒரு கதையை வாசன் ஏற்கவில்லை. ஆனால் அக்கதையின் தலைவிக்கு இட்டிருந்த சந்திரலேகா என்னும் பெயர் அவருக்குப் பிடித்துவிட்டது. கதை உருவாகும் முன்பே அப்பெயரில் படம் வரப்போவதாக விளம்பரம் வெளியாயிற்று. பெயருக்கு ஏற்ற கதையைத் தேடும் பொறுப்பு பிறகு இலாகாவின் தலையில் விழுந்தது! அரியணைக்காகப் போராடும் உடன்பிறந்தார் இருவர், அவர்களிடையே சிக்கிய நாட்டியப்பெண், நாடோடிகள், சர்க்கஸ் எனக் கதை விரிந்தது. டி.ஆர்.ராஜகுமாரி, எம்.கே.ராதா, ரஞ்சன் ஆகியோர் முதன்மை வேடங்களை ஏற்றனர், என்.எஸ்.கிருஷ்ணனும் டி.ஏ.மதுரமும் நகைச்சுவையூட்டினர்.

1940களின் நடுப்பகுதியில் தொடங்கிய பணி ஆண்டுக்கணக்கில் நீண்டது. முதலில் இயக்கிவந்த ஆச்சார்யா எனப்படும் டி.ஜி.இராகவாச்சாரி கருத்து வேறுபாட்டால் இடையில் விலகினார். அதற்குமுன் படம் எதனையும் இயக்கியிராத வாசன் தாமே இயக்குநர் பொறுப்பையும் ஏற்றார். எடுத்த காட்சிகளைத் திரும்பத் திரும்ப எடுத்தார். சர்க்கஸ் குழுவினர் விலங்குகளோடு கூடத்திலேயே தங்கினர். செலவு ஏறிக்கொண்டே சென்று ஏறத்தாழ 30 இலட்சம் ரூபாயை எட்டியது. சில இலட்சங்களில் ஒரு படம் முடிந்துவிடும் காலம் அது. கைப்பொருள் தீர்ந்தது, சொத்துகள் அடகுக்குச் சென்றன, வாசன் மீள மாட்டார் என்று தொழிலில் பலர் முடிவுகட்டினர். இதழ், கூடம், நூற்றுக்கணக்கான தொழிலாளர் குடும்பங்களின் மாதச் சம்பளம் என அனைத்தும் ஒரே படத்தின்மீது நின்றன. அளவறிந்து செய்வதே வணிகம் என்பவருக்கு இச்செயலைப் போற்றுவது கடினமாகவே இருக்கும்.

படத்தின் முரசு நடனத்தைப் பலரும் கேள்விப்பட்டிருப்பர். கொடிய இளவரசனின் கோட்டைக்குள் மாபெரும் முரசுகள் வரிசை வரிசையாக நிறுத்தப்படுகின்றன. அவற்றின்மேல் நூற்றுக்கணக்கான நடனக்கலைஞர்கள் ஆடுகின்றனர். ஆடல் முடிந்ததும் முரசுகள் பிளந்து, உள்ளே மறைந்திருந்த வீரர்கள் வெளிப்பட்டுக் கோட்டையைத் தாக்குகின்றனர். டிராய் நகருக்குள் புகுந்த மரக்குதிரையின் கதையை அறிந்தோர்க்கு இவ்வுத்தி புதிதன்று. ஆயினும் அவ்வுத்தியை ஆடலாகவும், ஆடலையே போராகவும் மாற்றியதில்தான் காட்சியின் திறம் உள்ளது. கணினி வரைகலை இல்லாத காலத்தில், அத்தனை கால்களும் ஒரே தாளத்தில் முரசின்மேல் விழ வேண்டுமெனில், அதற்குப் பல மாதப் பயிற்சியைத் தவிர வேறு வழியில்லை. கலை இயக்குநர் ஏ.கே.சேகரின் அரங்கமைப்பும் இராஜேஸ்வரராவின் இசையும் அக்காட்சியை மேலும் உயர்த்தின.

1948ஆம் ஆண்டு ஏப்ரல் 9 அன்று ‘சந்திரலேகா’ வெளியிடப்பட்டது. இங்கேதான் விநியோகஸ்தர் வாசன் வெளிப்படுகிறார். சில பிரதிகளை மட்டும் எடுத்து, ஓர் ஊரில் ஓடிய பின் அடுத்த ஊருக்கு அனுப்புவதே அன்றைய வழக்கம். வாசனோ தென்னிந்தியாவில் 40க்கும் மேற்பட்ட கொட்டகைகளில் ஒரே நாளில் படத்தை வெளியிட்டார். கூடுதல் பிரதிகளுக்கான செலவு பெரிதாயினும், ஒரே நேரத்தில் எங்கும் விளம்பரம் செய்து, எங்கும் வசூலைத் திரட்ட அது வழிவகுத்தது. படம் நன்றாகவே ஓடியது. எனினும், தமிழ் மக்கள் அனைவரும் பார்த்தாலும் திரும்பிவராத அளவுக்குச் செலவு பெருகியிருந்தது.

வாசன் வடக்கு நோக்கினார். தென்னாட்டுப் படம் இந்தியில் வென்றதாக அதற்குமுன் பேச்சில்லை. பம்பாய்த் தயாரிப்பாளர்களின் களத்தில் சென்னைக்காரர் ஒருவர் நுழைவது நடவாத செயலாகவே கருதப்பட்டது. வாசன் அஞ்சவில்லை. வடநாட்டுச் சுவைக்கு ஏற்பச் சில காட்சிகளைப் புதிதாக எடுத்து, சிலவற்றை மாற்றி, இந்திப் பதிப்பை உருவாக்கினார். மொழி புரியாதவரையும் முரசொலியும் வாட்போரும் சர்க்கஸும் ஈர்க்கும் என்பது அவர் போட்ட கணக்கு. நாடெங்கும் செய்தித்தாள்களில் பெரிய அளவில் விளம்பரங்கள் வந்தன. அறுநூற்றுக்கும் மேற்பட்ட பிரதிகள் எடுக்கப்பட்டன. ராஜஸ்ரீ நிறுவனத்தை அப்போதுதான் தொடங்கியிருந்த தாராசந்த் பர்ஜாத்யா வடநாட்டு விநியோகத்தில் துணைநின்றார். 1948 டிசம்பரில் வெளிவந்த இந்திச் ‘சந்திரலேகா’ பெரும் வெற்றி பெற்றது. தமிழில் மீளாத முதல் இந்தியில் மீண்டது. தொடர்ந்து ஆங்கிலப் பதிப்பு ஒன்றும் வெளிநாடுகளுக்குச் சென்றது.

அதே ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவில் வேறொரு நிகழ்வு நடந்தது. ஹாலிவுட்டின் பெரிய நிறுவனங்கள் படங்களைத் தாமே எடுத்து, தாமே விநியோகித்து, தமக்கே உரிய திரையரங்குகளில் ஓட்டிவந்தன. பிறர் நடத்தும் அரங்குகளிடம், நல்ல படம் ஒன்று வேண்டுமெனில் வேறு பல படங்களையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும் என வற்புறுத்தின. பாரமவுண்ட் முதலிய நிறுவனங்களுக்கு எதிரான வழக்கில் அந்நாட்டு உச்சநீதிமன்றம் இம்முறையைச் சட்டத்துக்குப் புறம்பானது எனத் தீர்ப்பளித்தது. அதன்பின் அந்நிறுவனங்கள் திரையரங்குகளைப் பிரித்துக்கொடுக்க நேர்ந்தது. இந்தியாவிலோ திரையரங்குகள் பெரும்பாலும் தனித்தனி உரிமையாளர்களிடம் இருந்தன. அவரவரின் நம்பிக்கையை வென்றாலன்றிப் படப்பெட்டி எந்த வாயிலிலும் நுழையாது. ஹாலிவுட்டின் பிரம்மாண்டத்தோடு ஒப்பிட்டு வாசனை இந்தியாவின் செசில் பி.டெமில் என்று அழைப்பதுண்டு. அரங்கு அரங்காகப் படத்தைக் கொண்டு சேர்த்த வாசனின் திறனை அவ்வொப்பீடு முழுமையாகக் காட்டுவதில்லை.

வாசன் திறந்த வழியில் ஏவி.எம். முதலிய தென்னக நிறுவனங்களும் இந்திப் படத் தயாரிப்பில் ஈடுபட்டன. சென்னையில் எடுத்த இந்திப் படங்கள் வடநாட்டில் ஆண்டுதோறும் வெளிவரும் நிலை உருவாயிற்று.

தோல்வியும் துணிவும்

வெற்றிகளை மட்டும் கூறினால் அவரை முழுமையாக அறிய இயலாது. ஆர்.கே.நாராயணின் கதையில் உருவாகி 1947ஆம் ஆண்டு வெளிவந்த ‘மிஸ் மாலினி’ பாராட்டுப்பெற்றும் வசூலில் தோற்றது. எழுதியவரின் புகழும் எடுத்தவரின் பெயரும் அதனைக் காப்பாற்றவில்லை. ‘ஞானசௌந்தரி’யின் கதையோ இன்னும் விந்தையானது. 1948ஆம் ஆண்டு அதே கதையைச் சிட்டாடல் நிறுவனமும் ஜெமினியும் தனித்தனியே படமாக்கின. சிட்டாடலின் படம் மக்கள் உள்ளத்தைக் கவர்ந்தது. ஜெமினியின் படம் எடுபடவில்லை. போட்டிப் படமே சிறந்தது என்பதை உணர்ந்த வாசன், தம் படத்தைத் திரையரங்குகளிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டார் என்பர். பெருமைக்காக இழுத்தடிப்பதால் கொட்டகைக்காரர்களுக்கும் இழப்பு நேரும் என்பதை விநியோகஸ்தராக இருந்து கண்டவர் அவர்.

1953ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஔவையார்’ மற்றொரு பெருமுயற்சி. கே.பி.சுந்தராம்பாள் ஔவையாக நடிக்க, கொத்தமங்கலம் சுப்பு இயக்கினார். காதல் காட்சிகள் அற்ற, முதிய புலவர் ஒருவரைத் தலைவியாகக் கொண்ட கதை வசூல் தருமா எனத் தயங்குவதே வணிகர் இயல்பு. வாசன் தயங்கவில்லை. யானைக்கூட்டம் கோட்டையைத் தகர்க்கும் காட்சியும், சுந்தராம்பாளின் கணீரென்ற குரலும் மக்களை ஈர்த்தன. பள்ளியில் படித்த ஔவையின் கதையைத் திரையில் காணத் தமிழ்க் குடும்பங்கள் திரளாக வந்தன. ஆடம்பரமான நடனமும் போரும் மட்டுமே மக்களுக்குத் தேவை என அவர் கருதினார் என்போர்க்கு இப்படமே மறுமொழி.

பின்வந்த ஆண்டுகளில் ஜெமினி தமிழிலும் இந்தியிலும் மாறிமாறிப் படமெடுத்தது. 1955ஆம் ஆண்டின் ‘இன்சானியத்’ இந்திப் படத்தில் திலீப்குமாரும் தேவ் ஆனந்தும் இணைந்து நடித்தனர். அவ்விருவரும் சேர்ந்து நடித்த படம் அஃதொன்றே. ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ படத்தில் வைஜயந்திமாலாவும் பத்மினியும் ஆடிய போட்டி நடனம் இன்றளவும் பேசப்படுகிறது. ஆலைத்தொழிலாளர்க்கும் முதலாளிக்கும் இடையிலான போராட்டத்தைக் களமாகக் கொண்ட ‘பைகாம்’ இந்தியிலும், ‘இரும்புத்திரை’ தமிழிலும் வந்தன. மன்னர் கதைகளில் பெயர்பெற்ற நிறுவனம் ஆலைச் சங்கொலிக்குச் செவிசாய்த்தது குறிப்பிடத்தக்கது. முதலாளியாக இருந்து இத்தகைய கதையை எடுத்தவர், தீர்வை இருதரப்பின் மனமாற்றத்தில் கண்டாரே அன்றிப் போராட்டத்தின் வெற்றியில் காணவில்லை என்பதையும் சேர்த்தே நோக்க வேண்டும்.

இக்காலம் முழுவதும் விகடனும் வளர்ந்தது. ‘கலைமணி’ என்னும் புனைபெயரில் கொத்தமங்கலம் சுப்பு எழுதிய ‘தில்லானா மோகனாம்பாள்’ அதில் தொடராக வந்து புகழ்பெற்றது. அக்கதையைத் தாமே எடுக்க எண்ணியிருந்த வாசன், பின்னர் ஏ.பி.நாகராஜனுக்கு விட்டுக்கொடுத்தார், உரிமைக்காகப் பெற்ற தொகையைக் கதாசிரியர் சுப்புவிடமே சேர்ப்பித்தார் என்று கூறுவர்.

மாறிய காலம்

1950களின் இறுதியிலிருந்து திரைத்தொழிலின் அமைப்பு மாறத் தொடங்கியது. மாதச் சம்பளத்தில் இருந்த நடிகர்கள் தனித்தனியே ஒப்பந்தம் செய்துகொண்டனர். நடிகரின் பெயரே படத்தை விற்கும் நிலை வந்தது. அவர்கள் நாள் கொடுத்தால்தான் படப்பிடிப்பு நடக்கும். பணியாளர் அனைவரையும் ஆண்டு முழுவதும் சம்பளம் கொடுத்து வைத்திருப்பது பெருஞ்சுமையாயிற்று. கதை இலாகா போன்ற பிரிவுகள் சுருங்கின. சிறு வேடத்தில் முதன்முதலில் ‘சதி லீலாவதி’யில் தோன்றிய காலத்துக்குப் பின் பேருருக்கொண்டிருந்த எம்.ஜி.இராமச்சந்திரனின் 100ஆவது படமான ‘ஒளிவிளக்கு’ 1968ஆம் ஆண்டு ஜெமினியின் தயாரிப்பாக வந்தது. வாசனின் கதையில் தொடங்கிய பயணம் வாசனின் நிறுவனத்திலேயே நூறாம் எண்ணைத் தொட்டது. ஆனால் அந்த இடைவெளியில் அதிகாரம் கூடத்து முதலாளியிடமிருந்து நடிகரிடம் சென்றுவிட்டிருந்தது.

இந்தியத் திரைப்படக் கூட்டமைப்பின் தலைவராக வாசன் பணியாற்றினார். மாநிலங்களவை உறுப்பினராகவும் இருந்தார். கேளிக்கை வரி, கச்சா பிலிம் இறக்குமதி முதலிய சிக்கல்களில் தொழிலின் குரலாக விளங்கினார். 1969ஆம் ஆண்டு நடுவண் அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டு 26 அன்று அவர் காலமானார். நூற்றாண்டையொட்டி 2004ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது. அஞ்சல் வழி வணிகத்தில் தொழில் தொடங்கியவரின் உருவம், அவ்வாறு அஞ்சல் உறைகளின்மேல் ஊர் ஊராகச் சென்றது.

படப்பிடிப்புக்கூடம் காலப்போக்கில் செயலற்றுப் போயிற்று. அந்நிலத்தில் இன்று உயர்ந்த கட்டடங்களும் விடுதியும் நிற்கின்றன. அதனருகே 1973ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மேம்பாலத்திற்கு அண்ணா மேம்பாலம் என்று பெயர். ஆனால் சென்னை மக்கள் பலர் அதனை இன்னும் ஜெமினி மேம்பாலம் என்றே அழைக்கின்றனர். அங்கு இறங்குவோர் நடத்துநரிடம் கேட்பதும் ஜெமினிக்குப் பயணச்சீட்டுதான்.